'எல்.எஸ்.' என்றால் யார்? கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் எழுத்துச் சுருக்கங்கள்

[திரையில்: ஒரு கல்லூரி அணியின் வீரர் பட்டியல். பெயர்களுக்கு அருகே கியூ.பி., ஆர்.பி., எல்.டி., சி.பி., எல்.எஸ்., பி.]

வணக்கம் நண்பர்களே! லட்சம் பேருக்கு மேல் அமர்ந்திருக்கும் மைதானம். ஆட்டம் முடிய இன்னும் 10 விநாடிகள். வெற்றியைக் கையில் வைத்திருந்த அணி, கடைசி நொடியில் தோற்றுப்போனது. அது எப்படி நடந்தது என்று விளங்க, இந்தப் பட்டியலில் இரண்டு சுருக்கங்கள் தெரிந்தால் போதும்: எல்.எஸ்., பி. அதற்கு முன் மற்றவர்களை வேகமாகப் பார்த்துவிடுவோம்.

களத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணியில் கியூ.பி. குவார்ட்டர்பேக், ஆட்டத்தை நடத்துபவர். ஆர்.பி. ரன்னிங் பேக், பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர். டபிள்யூ.ஆர். வைட் ரிசீவர், ஓரத்திலிருந்து பாய்ந்து எறிபந்தைப் பிடிப்பவர். டி.இ. என்று காதில் விழுந்தால் மட்டும் கவனம்: பந்து வைத்திருக்கும் பக்கத்தில் அவர் டைட் எண்ட், எதிர்ப்பக்கத்தில் டிஃபென்சிவ் எண்ட்.

முன்வரிசையில் எல், ஆர் என்பவை இடது, வலது. எல்.டி. என்பவர் இடது டாக்கிள், முன்வரிசையின் இடப்பக்கத் தடுப்பாளர். வலக்கை குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். பின்னாலிருந்து பாய்பவரை அவர் பார்க்க முடியாது. அந்த முதுகைக் காப்பவர் எல்.டி. அலபாமா பல்கலைக்கழக அணியில் டுவா டகோவைலோவா 2018இல் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனபோது இது தலைகீழானது. அவர் இடக்கைக்காரர்! வலது டாக்கிள் ஜெட்ரிக் வில்ஸ்தான் அவருடைய முதுகுக்குக் காவல். 2020இல் தொழில்முறை அணிக்குப் போன வில்ஸை உடனே இடப்பக்கம் மாற்றினார்கள். எழுத்துதான் மாறியது, வேலை அதேதான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

தடுக்கும் அணியில் டி.டி. நடுவில் மோதும் டிஃபென்சிவ் டாக்கிள், எல்.பி. அவருக்குப் பின்னால் லைன்பேக்கர், சி.பி. ஓரத்தில் கார்னர்பேக், எஸ். கடைசிக் காவலான சேஃப்டி. கல்லூரிகளில் சொந்தப் பெயர்களும் உண்டு. நிக் சேபன் பயிற்சியாளராக இருந்த அலபாமாவில் ஐந்தாவது பின்வரிசை வீரர் 'ஸ்டார்'. வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலோ அவர் 'ஹஸ்கி'.

[திரையில்: எல்.எஸ். என்ற எழுத்துகள் பெரிதாக]

இப்போது நம் ஆள். எல்.எஸ். என்றால் லாங் ஸ்னாப்பர். குனிந்து, கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்து, சுமார் 15 கெஜம் பின்னால் நிற்கும் பன்டரின் கைக்குப் பந்தை அனுப்புவது இவர் வேலை. பட்டியலில் 'பி' என்பவர்தான் அந்தப் பன்டர், பந்தைத் தொலைவுக்கு உதைத்துத் தள்ளுபவர். பந்து முக்கால் விநாடி அளவில் போய்ச் சேர வேண்டும். அனுப்பிய கையோடு நிமிர்ந்து எதிரியைத் தடுத்து, பிறகு ஓடவும் வேண்டும். பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் நேரத்தில் இன்னும் நுணுக்கம்: பந்து எத்தனை சுற்று சுழன்று போகிறது என்பதைப் பழகிவைத்து, உதைப்பவருக்காகப் பந்தைத் தரையில் பிடித்து நிறுத்துபவரின் கைக்கு அது வரும்போது பந்தின் தையல் உதைக்கும் காலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி அனுப்புகிறார்கள். தலை குனிந்திருக்கும் இவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்பதால், பந்து கிளம்பி ஒரு விநாடி ஆகும்வரை எதிரணி இவரை மோதக்கூடாது என்று கல்லூரி விதியே இருக்கிறது.

இப்போது முதலில் சொன்ன ஆட்டம். 2015 அக்டோபர் 17, இரண்டு பல்கலைக்கழக அணிகள். மிச்சிகன் 23, மிச்சிகன் ஸ்டேட் 21. மிச்சிகன் செய்ய வேண்டியதெல்லாம் பந்தை உதைத்துவிடுவது மட்டும். எல்.எஸ். அனுப்பிய பந்து தாழ்வாக வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பன்டரின் கையில் அது நிற்கவில்லை. எடுத்து உதைக்கத் திரும்புவதற்குள் எதிரணி மேலே விழுந்தது. துள்ளிய பந்து ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கைக்குப் போக, அவர் 38 கெஜம் ஓடி, நேரம் முடியும் கணத்தில் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தார்: டச்டவுன், ஆறு புள்ளிகள். 27-23! பந்து சில அங்குலம் உயரமாக வந்திருந்தால் இந்த ஆட்டத்தைப் பற்றி இன்று யாரும் பேசமாட்டார்கள். ஒழுங்காக வந்த நூற்றுக்கணக்கான பந்துகளை யாரும் பேசுவதில்லை, இது எனக்கு உண்மையாகவே வருத்தம். நல்லவேளை, 2019 முதல் கல்லூரியின் சிறந்த லாங் ஸ்னாப்பருக்கு பேட்ரிக் மானலி பெயரில் விருது தருகிறார்கள். சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு 16 பருவங்கள் இதே வேலையைச் செய்தவர் அவர்.

கடைசியாக ஏ.டி.எச். இது 'அத்லெட்' என்பதன் சுருக்கம். பள்ளி மாணவர்களைக் கல்லூரிகள் தேர்ந்தெடுக்கும்போது, எந்த இடத்திலும் ஆடக்கூடியவருக்கு இந்தக் குறியைப் போடுவார்கள். பெரும்பாலோர் கல்லூரிக்கு வந்ததும் ஓர் இடத்தில் அமர்ந்துவிடுவார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹண்டர் அமரவில்லை. 2024இல் அவர் பெயருக்கு நேரே டபிள்யூ.ஆர்., சி.பி. இரண்டும் இருந்தன. 15 டச்டவுன் பந்துகளைப் பிடித்தார், எதிரணி எறிந்த நான்கு பந்துகளைப் பறித்தார், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையையும் வென்றார். அவரை நீங்கள் எந்த இடத்தில் ஆடவைப்பீர்கள்? ஓர் இடம்தான் சொல்லலாம். காரணத்தோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.