கணவனுக்குப் படகு வாங்கித் தந்த பென்சில்

[திரையில்: கனடாவின் வட பகுதி வரைபடம். பாஃபின் தீவின் தென்மேற்குக் கரை பெரிதாகிறது.]

1940-களின் நடுப்பகுதி. இந்தக் கரையோர முகாம் ஒன்றில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணுக்கு வயது 19 இருக்கும், பெயர் கெனோஜுவாக். மாப்பிள்ளை ஜானிபோ, வேட்டைக்காரர். அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் சேர்ந்து செய்த முடிவு. பெண்ணுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. மாப்பிள்ளை கிட்டே வந்தால் கூழாங்கல்லை எடுத்து எறிவாராம். விளையாட்டுக்குத்தான் எறிந்தேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கல்யாணம் நடந்தது. ஜானிபோ சாதுவான, அன்பான மனிதர். போகப் போக அவரைப் பிடித்துவிட்டது.

இந்தக் கெனோஜுவாக் அஷெவாக்தான் பின்னாளில் கனடாவின் மிகப் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவரானார். இந்த வீடியோவில் அவருடைய ஓவியங்களைவிட அவர் கைக்கு வந்த பணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம். கல்யாணத்தை விட்டும் ஊரை விட்டும் போகாமல் ஒரு இனுயிட் (ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடி) பெண் எப்படித் தன் காலில் நின்றாள், அந்தப் பணம் எதுவரை உதவியது என்பதுதான் விஷயம்.

[திரையில்: கல்விளக்கு. சீல் கொழுப்பில் எரியும் நீண்ட, தாழ்வான சுடர்.]

முதலில் பழைய முகாம் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம். ஆண் வேட்டைக்குப் போவான். கரிபூ மானையும் சீல் என்ற கடல்நாயையும் கொண்டு வருவான். அந்தத் தோலைச் சுரண்டி, பல்லால் மென்று மெதுவாக்கி, தண்ணீர் புகாத தையல் போட்டு உடையாகவும் காலணியாகவும் மாற்றுவது பெண். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வதும் அவள்தான். வெளிச்சம், வெப்பம், சமையல் மூன்றுக்கும் அது ஒன்றுதான் வழி. தைக்க மனைவி இல்லாதவன் பனியில் வேட்டைக்கே போக முடியாது. வேட்டைக்கு ஆள் இல்லாத பெண்ணுக்குச் சாப்பாடு இல்லை.

இதைப் பார்த்துவிட்டு 'அங்கே ஆணும் பெண்ணும் சரிசமம்' என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அவள் வேலைக்கு மதிப்பு இருந்தது. ஆனால் யாருக்கு வாழ்க்கைப்படுவது என்பதைப் பல நேரம் பெரியவர்கள் முடிவு செய்தார்கள், சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே. முகாமில் இருப்பதோ சில குடும்பங்கள். கோபித்துக்கொண்டு கிளம்பினால் நடந்தே போய்ச் சேர அடுத்த ஊர் எங்கே இருக்கிறது?

அப்புறம் காசு. தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் கடையில் வெள்ளை நரித் தோலைக் கொடுத்தால் மாவு, தேயிலை, துப்பாக்கிக் குண்டு கிடைக்கும். பொறி வைத்து நரி பிடிப்பது பெரும்பாலும் ஆண். ஆக, வெளியிலிருந்து வருகிற எதுவும் அவன் கை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. 1940-களின் இறுதியில் நரித்தோல் விலை சரிந்தது. அந்த ஒரு வழியும் அடைபட்டது.

[திரையில்: கியூபெக் நகர மருத்துவமனை, 1950-கள்.]

1952. கெனோஜுவாக்குக்குக் காசநோய். அப்போதுதான் குழந்தை பெற்றிருந்தார். கைக்குழந்தையை அண்டைக் குடும்பம் எடுத்துக்கொள்ள, இவரைத் தெற்கே கியூபெக் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே. அவர் இல்லாத அந்தக் காலத்தில் ஊரில் அவருடைய பிள்ளைகள் சிலர் இறந்துபோனார்கள். இதைச் சொல்லாமல் அவருடைய ஆந்தை ஓவியத்தின் அழகை மட்டும் பேசும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

1955-ல் திரும்பி வந்தார். அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்பவர் இதே கரையில் இருக்கும் கேப் டார்செட் என்ற ஊரில் கைவினைப் பொருட்களை வாங்கித் தெற்கே விற்க வழி செய்துகொண்டிருந்தார். கெனோஜுவாக் தைத்த ஒரு சீல் தோல் பை அவர் கண்ணில் பட்டது. அதில் தோலை வெட்டி ஒட்டிய ஒரு வடிவம். அதிலிருந்துதான் கடல்பாசி தின்னும் முயலாக அவருடைய முதல் அச்சுப்படம் பிறந்தது. மனைவியின் கடமை என்று கற்றுக்கொண்ட அதே தோல் வேலை இப்போது காகிதத்தில் ஏறியது. 1959-ல் ஊர்க்காரர்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம் உருவானது. 1960-ல் அவர் வரைந்த ஆந்தை, பத்து வருஷம் கழித்து கனடாவின் தபால்தலையில் வந்தது.

[திரையில்: காகிதம், பென்சில், கல்லில் செதுக்கிய அச்சு.]

சங்கம் எப்படி வேலை செய்தது? வீட்டிலேயே வரையலாம். வரைந்ததைக் கொண்டுபோனால் கையில் காசு. அதில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கல்லில் செதுக்கி, எண்ணிக்கை குறித்து அச்சிடுவார்கள். அச்சுக்கூட வேலை ஆண்களிடம் இருந்தது. வரைவதில் பெண்கள் நிறையப் பேர். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. கல் சிற்பத்துக்கு இடம் வேண்டும், தூசி பறக்கும். பென்சிலுக்கு மடி போதும். பிட்சியோலாக் அஷூனா என்ற விதவை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டினியைப் பார்த்தவர், இப்படித்தான் 7,000-க்கும் மேல் வரைந்து தள்ளினார். கட்டிலில் உட்கார்ந்து அவர் வரைய, இரண்டு சிறுமிகள் பக்கத்தில் இருப்பதைப் பேத்தி ஆனி பூட்டுகூக் பிறகு ஓவியமாகவே போட்டிருக்கிறார்.

இப்போது தலைப்பில் சொன்ன படகுக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் கெனோஜுவாக்கைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தது. அதில் கிடைத்த பணத்தில் ஜானிபோவுக்கு ஒரு படகு வாங்கினார்கள். அதுவரை அவருக்குச் சொந்தப் படகு கிடையாது. படகு வந்த பிறகுதான் யாரையும் சார்ந்திராத வேட்டைக்காரராகக் கடலுக்குப் போனார்.

கவனித்தீர்களா? மனைவியின் வருமானம் கணவனுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தது. கணவர் அதை மறுக்கவில்லை. ஜானிபோவும் வரையத் தொடங்கினார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்கு இருவரும் சேர்ந்தே சுவர்ச் சிற்பம் செய்தார்கள். கல்லெறிந்த கல்யாணம் நல்லபடியாகவே போனது.

எல்லோருக்கும் ஜானிபோ கிடைக்கவில்லை.

[திரையில்: ஓவியத்தின் ஓரத்தில் இனுயிட் எழுத்துகளில் எழுதிய வரிகள்.]

பிட்சியோலாக்கின் மகள் நபாச்சி பூட்டுகூக், 1938-ல் பிறந்தவர். அவரும் சங்கத்துக்கு வரைந்தவர்தான். தெற்கே வாங்குபவர்கள் கேட்டது ஆந்தை, வேட்டை, பழைய முகாம். தாய் அந்தப் பழைய நாட்களின் மகிழ்ச்சியை நிறைய வரைந்தார். மகள் 1990-களின் இறுதியில், தன் கடைசி வருஷங்களில், வேறு எதையோ வரைய ஆரம்பித்தார்: கட்டாயக் கல்யாணம், மனைவியை அடிக்கும் ஆண், திமிங்கில வேட்டைக் கப்பல்காரனிடம் சாமான் வாங்கப் பெண்ணைக் கொடுப்பது. என்ன நடக்கிறது என்பதைப் படத்திலேயே தன் மொழியில் எழுதியும் வைத்தார். சுவரில் மாட்ட ஆசைப்படும் படங்கள் இல்லை அவை. பென்சில் காசு கொடுக்கத் தொடங்கி ஏறக்குறைய 40 வருஷம் கழித்துத்தான் இந்தப் படங்கள் வந்தன. என் கணக்கில், சொந்தக் காசைவிடச் சொந்தப் பேச்சுதான் அந்த ஊரில் கடினமாக இருந்திருக்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாரைப் பற்றி வாய் திறப்பது?

நபாச்சியின் மகள் ஆனி இன்னும் நேராகவே போனார். பெண்ணை அடிக்கும் ஆணை, நடுவீட்டில், கடிகாரமும் தரையும் துல்லியமாகத் தெரிய வரைந்தார். 2006-ல் கனடாவின் சோபி கலை விருது அவருக்குக் கிடைத்தது. 2016-ல் ஒட்டாவாவில் ஆற்றில் அவருடைய உடல் கிடைத்தது. வயது 47. விருதும் விற்பனையும் இருந்தும் அவருக்கு நிலையான வீடு இல்லாமல் போயிருந்தது.

வீடு. பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கேப் டார்செட்டின் இன்றைய பெயர் கிங்கைட். 2021 கணக்கெடுப்பில் சுமார் 1,400 பேர். பக்கத்து ஊருக்குச் சாலை கிடையாது, விமானம்தான். இந்த ஊர் அடங்கிய நுனாவுட் ஆட்சிப்பகுதியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அரசு வாடகை வீடுகளில், நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். அடி தாங்காமல் ஒரு பெண் கிளம்பினால், போவது அக்கா வீடு. அங்கே ஏற்கெனவே ஹாலில் நாலு பேர் படுத்திருப்பார்கள்.

[திரையில்: நுனாவுட் சட்டமன்றம்.]

அரசியல் இதை எப்படிப் பார்த்தது? நுனாவுட் பிறப்பதற்கு முன் 1997-ல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு உறுப்பினர் வைக்கலாமா என்று கேட்டார்கள். 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அப்படி வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசியவர்களில் மானிடோக் தாம்சன் என்ற பெண் அமைச்சரும் ஒருவர். 1999 முதல் தேர்தலில் 19 இடங்கள். ஜெயித்த ஒரே பெண் அவர்தான்!

2008-ல் குடும்ப வன்முறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊரில் நீதிபதி இல்லாவிட்டாலும் தொலைபேசியிலேயே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த உத்தரவின்படி அடிபட்ட பெண்ணும் பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கலாம், அடித்தவர் வெளியே போக வேண்டும். பிரிய விரும்பாதவர்களுக்கு இன்னொரு வகை உத்தரவும் உண்டு. இருவரும் மரபுவழி ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். 1,400 பேர் ஊரில் அந்த ஆலோசகர் கணவனுக்குச் சித்தப்பாவாகவும் இருக்கலாம், மனைவிக்கு அத்தையாகவும் இருக்கலாம். யார் முன்னால் போய் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தே பல பெண்கள் அந்தத் தொலைபேசியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.