அப்பா கூப்பிட்டப்போ நான் மாடிக்குப் போயிருக்கணும்

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பின்னாடி மியூசிக் இல்ல, வெட்டி ஒட்டுறதும் இல்ல. ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுக்குள்ள உறுத்திட்டே இருக்கு. அதை உங்ககிட்டப் பேசிடலாம்னு கேமராவை வச்சுட்டு உட்கார்ந்துட்டேன்.

2020 ஜூலை. எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரம். நான் அப்பா அம்மா கூட இருந்தேன், வீட்ல இருந்தே வேலை. அந்த மாசம் வானத்துல ஒரு வால்நட்சத்திரம் வந்துச்சு, நியோவைஸ்னு பேரு. பொழுது சாஞ்சதும் வடமேற்குப் பக்கம், சப்தரிஷி மண்டலத்துக்குக் கீழ தெரியும். அப்பாவுக்கு வானம்னா உயிரு. பழைய பைனாகுலர் ஒண்ணைக் கழுத்துல மாட்டிக்கிட்டு தினமும் மொட்டை மாடிக்குப் போயிடுவார்.

ஒரு நாள் மாடிப்படியில நின்னு கூப்பிட்டார். "டேய், மேல வா. மேகம் விலகிடுச்சு. வால் நல்லாத் தெரியுது." நான் லேப்டாப்ல ஒரு வீடியோ எடிட் பண்ணிட்டு இருந்தேன். "நாளைக்குப் பாக்குறேன்பா"ன்னேன். அவர் ரெண்டாவது தடவை கூப்பிடல.

அரை மணி நேரம் கழிச்சு இறங்கி வந்தார். கழுத்துல பைனாகுலர் வார் அழுத்தின தடம் செவசெவன்னு இருந்துச்சு. கிழிச்சுப் போட்ட நாள்காட்டித் தாள் ஒண்ணை எடுத்து, அதோட பின்பக்கத்துல பென்சிலால வரைஞ்சார். மேல ஏழு புள்ளி, கீழ தள்ளி ஒரு சின்னப் புள்ளி, அதுல இருந்து மேல்நோக்கி ரெண்டு வளைஞ்ச கோடு. ஓரத்துல தேதியும் நேரமும். அதை என் கீபோர்டு மேல வச்சுட்டுப் போயிட்டார்.

மறுநாள் மேகம். அதுக்கு அடுத்த நாளும் மேகம். மேகம் விலகினப்போ வால்நட்சத்திரம் மங்கிப் போயிருந்துச்சு, என் கண்ணுக்குத் தெரியல. அது மறுபடியும் சூரியன் பக்கம் வர ஆறாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்னு சொல்றாங்க. நான் அன்னைக்கு எடிட் பண்ணின வீடியோ எதுன்னு எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். ஞாபகத்துக்கு வரவே இல்ல.

சரி, வால்நட்சத்திரம் போனாப் போகட்டும். என்னை உறுத்துறது அது இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அப்பாவுக்குக் கண்ணழுத்த நோய், கிளாக்கோமா, இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. பெரும்பாலும் வலிக்காது. பார்வையை ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும், நடுவுல நல்லாத் தெரியுறதால நமக்குச் சந்தேகமே வராது. போன பார்வை திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்தும் சிகிச்சையும். (உங்க வீட்ல யாருக்காவது இது இருந்தா, 40 வயசு தாண்டினவங்க தயவுசெஞ்சு கண்ணழுத்தமும் பார்வை நரம்பும் பார்க்கச் சொல்லிப் பரிசோதனை பண்ணிக்கோங்க. நான் பண்ணிக்கிட்டேன்.)

இப்போ அப்பாவால சப்தரிஷியைக் கண்டுபிடிக்க முடியல. மாடிப்படியில நின்னு அவர் என்னைக் கூப்பிட்டாரே, அது அவர் கண்ணுக்குக் கடைசிக் கடைசியா கிடைச்ச நல்ல வருஷங்கள்ல ஒண்ணு. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இதுக்கு அப்புறம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. 'இன்னும் நேரம் இருக்கு'ன்னு சொல்றப்போ நாம ஆயுளை மனசுல வச்சுத்தான் சொல்றோம். 80 வருஷம்னா சுமார் 4,170 வாரம். எனக்கு 42 நடக்குது, பாதிக்கு மேல செலவாயாச்சு, ஏறக்குறைய 2,000 வாரம் மிச்சம். கேட்டா நிறைய இருக்கிற மாதிரிதான் தோணும். ஆனா ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியா ஒரு கெடு இருக்கு. மலை ஏறணும்னா அந்தக் கெடு முழங்கால்ல இருக்கு. வானம் பார்க்கணும்னா கண்ணுல. பாட்டிகிட்டக் கதை கேட்கணும்னா அவங்க ஞாபகத்துல. எல்லாமே நம்ம ஆயுளுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுடுது. நாம மட்டும் 80 வரைக்கும் கணக்குப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கோம்.

அதுலயும் இன்னொருத்தர் கூடச் சேர்ந்து செய்யற காரியம்னா கணக்கு இன்னும் சுருங்கும். நான் இப்போ வேற ஊர்ல இருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு நாள் அப்பா அம்மாவைப் பார்க்கப் போயிட்டிருந்தேன். வருஷத்துக்கு 24 நாள். இன்னும் பத்து வருஷம் அவங்க நல்லா இருந்தாலும் 240 நாள்தான். ஒரு முழு வருஷம்கூடக் கிடையாது. இதை எழுதிப் பார்த்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. இப்போ மாசத்துக்கு ரெண்டு தடவை போறேன்.

உடனே 'ஒவ்வொரு நாளையும் கடைசி நாள் மாதிரி வாழு'ன்னு சொல்ல வரேன்னு நினைக்காதீங்க. அந்தப் பேச்சு எனக்கு ஒத்துக்கவே இல்ல. கடைசி நாள்னு நினைச்சா யாரு விதை போடுவா? யாரு பரீட்சைக்குப் படிப்பா? எட்மண்ட் ஹாலின்னு ஒரு வானியலாளர். 1531, 1607, 1682, இந்த மூணு தடவையும் வந்தது ஒரே வால்நட்சத்திரம்தான், 1758-ல மறுபடி வரும்னு 1705-ல கணக்குப் போட்டுச் சொன்னார். அப்பவே அவருக்கு 48 வயசு. வரும்போது தான் இருக்க மாட்டோம்னு தெரியாமலா இருந்திருக்கும்? 1742-ல, 85 வயசுல இறந்துட்டார். 1758 டிசம்பர் 25 ராத்திரி அது வானத்துல தெரிஞ்சுது. தன் கண்ணால பார்க்கப் போறதில்லங்கிற ஒண்ணுக்காக அவ்வளவு உழைச்சாரே, அந்த மனுஷன் வாழ்க்கையை வீணாக்கிட்டார்னு யாராவது சொல்ல முடியுமா?

அதே ஹாலி வால்நட்சத்திரம் 1986-ல வந்தப்போ அப்பா என்னைத் தோள்ல தூக்கிக் காட்டினாராம். எனக்கு மூணு வயசு, துளிகூட ஞாபகம் இல்ல. இனி 2061. எனக்கு அப்போ 78 வயசு இருக்கும்.

நிறைய பேர் 'செஞ்சுட்டு அப்புறம் வருத்தப்பட்டா?'ன்னு தயங்குவாங்க. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக்னு ரெண்டு உளவியலாளர்கள் 1994-லயும் 95-லயும் இதைப் பத்தி எழுதியிருக்காங்க. கொஞ்ச நாள் வரைக்கும், செஞ்ச தப்புதான் அதிகமா வலிக்குமாம். வாழ்க்கையை மொத்தமாத் திரும்பிப் பார்க்கிறப்போ, செய்யாம விட்டதுதான் அதிகமா வலிக்குமாம். செஞ்ச தப்புக்கு ஒரு மன்னிப்பு கேட்கலாம், ஒரு சமாதானம் சொல்லிக்கலாம், காயம் ஆறிடும். செய்யாம விட்டதுக்கு முடிவே இருக்காது, 'போயிருந்தா எப்படி இருந்திருக்கும்'னு மனசு இழுத்துட்டே போகும். என் விஷயத்துல அது அப்படியே உண்மை.

உடம்பைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். 30 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3-ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை குறையும், 60 தாண்டினா இன்னும் வேகமா. ஆனா 1990-ல வந்த ஒரு ஆய்வுல, முதியோர் இல்லத்துல இருந்த 90 வயசை ஒட்டினவங்களுக்கு 8 வாரம் எடை தூக்கப் பயிற்சி கொடுத்தாங்க. கால் வலு சராசரியா 174 சதவீதம் கூடியிருக்கு. 90 வயசுல! அதனால சில கெடுவை நாமளே கொஞ்சம் தள்ளி வைக்க முடியும். எதைத் தள்ளி வைக்கலாம், எதை முடியாதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் வேலை.

நான் ஒரு தாள்ல ஆசைகளை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 'இது யாரை நம்பி, எதை நம்பி இருக்கு'ன்னு எழுதினேன். கிடார் கத்துக்கறது என்னை மட்டும் நம்பி இருக்கு, 60-லயும் ஆரம்பிக்கலாம். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. ரோட்டுல நடக்கிறப்போ இன்னும் என் சுண்டு விரலைப் பிடிச்சுக்குறா. கூட்டாளிங்க யாராவது எதிர்ல வந்தா மட்டும் டக்குனு விட்டுட்டு, அவங்க போனதும் திரும்பப் பிடிச்சுக்குறா. அந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக் கூடிட்டே வருது. இதைத் தாள்ல எழுத எனக்குக் கை வரல. காலையில அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில கொண்டு விடுறதை நிறுத்திட்டேன். நடந்து போறோம்.

அப்பாவும் நானும் மறுபடி மாடிக்குப் போக ஆரம்பிச்சிருக்கோம். பாயை விரிச்சு அவரை உட்கார வச்சுட்டு, பைனாகுலரை நான் பிடிச்சுக்குவேன். கண்ணுல படுறதை அப்படியே சொல்லுவேன்.

"அப்பா, ஒண்ணு பளிச்சுனு இருக்கு. மினுக்கவே இல்ல."

"அப்போ அது கிரகம். எந்தப் பக்கம்?"

"கிழக்குல."

"வெள்ளையா, மஞ்சளா?"

"லேசா மஞ்சள்."

"சனியா இருக்கும். கை ஆடாமப் பிடி. சரி, அதுக்கு மேல என்ன தெரியுது, சொல்லு."

அவர் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேட்பார். நான் திசையைத் தப்பாச் சொன்னா உடனே பிடிச்சுடுவார்.

அந்த நாள்காட்டித் தாளை நான் தூக்கிப் போடல. இதோ, தெரியுதா? பென்சில் கோடு மங்கிடுச்சு. ஏழு புள்ளி மட்டும் நல்லாத் தெரியும், அழுத்தி வச்சிருக்கார்.

இன்னைக்கு வானம் தெளிவா இருக்கு. அஞ்சரை மணிக்கு பஸ், இப்போ கிளம்பினாத்தான் இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர முடியும். கேமராவை நிறுத்திடறேன்.