கூரை பிரித்த ஊரும் குறுக்கே நின்ற பேரரசரும்

நேயர்களுக்கு வணக்கம்.

1903ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2. ரோமில் கடும் வெயில் காலம். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 62 கர்தினால்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருத்தந்தை, அதாவது போப், பதின்மூன்றாம் லியோ ஜூலை 20 அன்று காலமாகிவிட்டார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தைய நாள் நடந்த முதல் சுற்றில் ரம்போல்லா என்ற கர்தினாலுக்கு 24 வாக்குகள். மறைந்தவருக்குத் திருப்பீடச் செயலராக, வலக்கையாக இருந்தவர் அவர். அடுத்தது இவர்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அப்போது கிராக்கோவ் நகரத்துக் கர்தினால் பூசினா எழுந்தார். கையிலிருந்த தாளை லத்தீனில் படித்தார். ரம்போல்லா திருத்தந்தை ஆவதை ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் மறுக்கிறார் என்பதுதான் செய்தி. ரம்போல்லா பிரான்சின் பக்கம் சாய்ந்தவர் என்பது வியன்னாவின் கணக்கு.

வெளியாள் யாரும் நுழையக்கூடாத அறை அது. அதற்குள் ஒரு பேரரசர் எப்படி நுழைந்தார்?

நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் இந்தப் பாடம் வந்தால் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் திருத்தந்தையர், வலப்பக்கம் பேரரசர்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அம்புக்குறியை மட்டும் பாருங்கள் என்பேன். யார் யாரை நாற்காலியில் உட்காரவைத்தார் என்பதுதான் அம்பு. மாணவர்கள் ஒரே பக்கம் பாயும் அம்பை எதிர்பார்ப்பார்கள். அது பறை அடிக்கும் குச்சி மாதிரி இரண்டு பக்கமும் போய் வரும். அது சரி, ஈழத் தமிழர் திருத்தந்தையைப் பாப்பரசர் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் அரசர் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்.

நெடுங்காலம் அம்பு வலமிருந்து இடமாகவே பாய்ந்தது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் ரோமை மீட்ட பிறகு, ரோமில் திருத்தந்தையைத் தேர்ந்தெடுத்தாலும் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து பேரரசரின் ஒப்புதல் வந்தால்தான் அவருக்குத் திருநிலைப்பாடு, அதாவது பதவியேற்புச் சடங்கு. அந்த ஒப்புதலுக்குக் கட்டணமும் உண்டு. 590இல் தேர்வான பெரிய கிரகோரிக்குப் பதவியில் துளியும் ஆசையில்லை. தயவுசெய்து ஒப்புதல் தராதீர்கள் என்று பேரரசர் மௌரீசுக்கே கடிதம் எழுதினார். நகர ஆளுநர் அதை வழியிலேயே மறித்து, ஒப்புதல் கேட்டுத் தன் கடிதத்தை அனுப்பிவிட்டார் என்று அந்தக் காலத்துப் பதிவு சொல்கிறது. கிரகோரி மாட்டிக்கொண்டார்.

செவெரினுஸ் பாடு இதைவிட மோசம். 638இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்ற பேரரசரின் கொள்கை அறிக்கையில் கையெழுத்திட மறுத்தார், ஒப்புதல் வரவில்லை. மனை வாங்கிவிட்டுப் பட்டா மாறாமல் அலுவலகப் படியேறுகிறவர் போல ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருந்தார். 640 மே மாதக் கடைசியில் பதவியேற்றார். ஆகஸ்ட் 2 அன்று இறந்துபோனார்.

அம்பு திரும்பியது 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில். தூய பேதுரு பேராலயத்தில் பிராங்கு அரசர் சார்லஸின் தலையில் மூன்றாம் லியோ முடி வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ரோம் தெருவில் எதிரிகளிடம் அடிபட்டு, சார்லஸிடம் அடைக்கலம் தேடி ஓடியவர்தான் இந்த லியோ. நடக்கப்போவது தெரிந்திருந்தால் அன்று கோயிலுக்குள்ளேயே போயிருக்க மாட்டேன் என்று சார்லஸ் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிக்கிறார். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். முடி கசந்திருக்காது, அதை வைத்த கை கசந்திருக்கும். 813இல் மகன் லூயிக்கு முடி சூட்டியபோது ஆகனில், தன் அரண்மனைக் கோயிலில், திருத்தந்தையைக் கூப்பிடாமலே காரியத்தை முடித்தார். ரோம் விடவில்லை. 816இல் நான்காம் ஸ்தேவான் ஆல்ப்ஸைத் தாண்டி ரைம்ஸ் நகருக்கே போய், அதே லூயிக்கு இன்னொருமுறை முடி சூட்டிவிட்டு வந்தார்!

அடுத்த இருநூறு ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிவிடுவோம். 962இல் பன்னிரண்டாம் யோவான் முதலாம் ஒட்டோவுக்குப் பேரரசர் முடி சூட்டினார். மறு ஆண்டு டிசம்பரில் அந்த ஒட்டோவே யோவானைப் பதவியிலிருந்து இறக்கினார். 1046இல் திருத்தந்தை நான்தான் என்று சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒன்பதாம் பெனடிக்ட் தன் ஞானத்தகப்பனிடம் பணம் வாங்கிக்கொண்டு பதவியை விட்டுக்கொடுத்தவர். ஜெர்மன் அரசர் மூன்றாம் ஹென்றி வந்து மூவரையும் ஒதுக்கிவிட்டு நான்காமவராக ஒரு ஜெர்மன் ஆயரை உட்காரவைத்தார். அப்படி உட்கார்ந்த இரண்டாம் கிளமெண்ட் அந்தக் கிறிஸ்துமஸ் அன்று ஹென்றியைப் பேரரசர் ஆக்கினார். கரும்பலகையில் இந்த இடத்தில் இரண்டு அம்பும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

1056இல் ஹென்றி இறந்தபோது மகனுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. ரோம் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டது. 1059இல் இரண்டாம் நிக்கோலாஸ், தேர்தல் இனிக் கர்தினால்கள் பொறுப்பு என்று ஆணை போட்டார். அந்தச் சிறுவன் வளர்ந்து நான்காம் ஹென்றியாகி, 1077 ஜனவரியில் கனோஸா கோட்டை வாசலில் பனியில் மூன்று நாள் நின்று ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடப்புத்தகம் அதோடு முடித்துவிடும். ஏழு வருடம் கழித்து ஹென்றி படையோடு ரோமுக்கு வந்து, தான் நிறுத்திய எதிர்த் திருத்தந்தையின் கையால் முடி சூட்டிக்கொண்டதையும் கிரகோரி 1085இல் சலேர்னோவில் நாடுகடந்தவராக இறந்ததையும் யாரும் படம் போட்டுக் காட்டுவதில்லை.

எனக்குப் பிடித்த இடம் கனோஸா அல்ல, வித்தெர்போ. ரோமுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள ஊர். 1268 நவம்பரில் நான்காம் கிளமெண்ட் அங்கேதான் இறந்தார். வழக்கப்படி தேர்தலும் அங்கேயே. கர்தினால்கள் இருபது பேர் அளவில்தான். பிரெஞ்சுப் பக்கம், இத்தாலியப் பக்கம் என்று பிரிந்துகொண்டு எந்தப் பெயரிலும் சேரவில்லை. மாதங்கள் ஓடின. ஓராண்டும் போனது.

சோறு போடுகிற ஊர் எத்தனை நாள் பொறுக்கும்? ஊரார் முதலில் கர்தினால்களை ஆயர் மாளிகைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தார்கள். அதற்கும் அசையவில்லை என்றதும் மேலேறி மாளிகையின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். 1270 ஜூனில் உள்ளிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், இடம் என்ற இடத்தில், ‘கூரையில்லாத மாளிகையிலிருந்து’ என்று போட்டிருக்கிறார்கள். மாளிகை இன்றும் இருக்கிறது. கர்தினால்கள் வெயிலுக்கும் மழைக்கும் கூடாரம் அடித்த துளைகள் என்று தரையில் சில குழிகளைக் காட்டுவார்கள்.

கடைசியில் ஆறு பேர் கொண்ட குழுவிடம் பொறுப்பை விட்டார்கள். 1271 செப்டம்பர் 1 அன்று அவர்கள் தேர்ந்தெடுத்த தெயோபால்தோ விஸ்கோந்தி அந்த அறையில் இல்லை, கர்தினாலும் இல்லை, குருப்பட்டம்கூடப் பெற்றவரில்லை. சிலுவைப் போராளிகளோடு பாலஸ்தீனக் கரையில் ஆக்கர் நகரில் இருந்தார். வந்து சேர மறு ஆண்டு பிப்ரவரி ஆகிவிட்டது.

பத்தாம் கிரகோரி என்று பெயர் கொண்ட அவர் 1274இல் லியோன் பொதுச்சங்கத்தில் சட்டம் கொண்டுவந்தார். கர்தினால்களைப் பூட்டி வை. மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே கறி. இன்னும் ஐந்து நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம், அவ்வளவுதான். வித்தெர்போ ஊரார் கோபத்தில் செய்தது திருச்சபைச் சட்டமாயிற்று. ‘கான்கிளேவ்’ என்ற சொல்லே சாவியோடு பூட்டிய அறை என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்ததுதான்.

அந்தக் காலத்தில் கரும்பலகையின் வலப்பக்கமும் காலி. 1250இல் இரண்டாம் ஃபிரடெரிக் இறந்தபின் எல்லாரும் ஏற்ற அரசர் ஜெர்மனியில் இல்லை. கிரகோரி அங்கேயும் நெருக்கினார். 1273இல் இளவரசர்கள் ருடால்ஃப் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய குடும்பம் ஹாப்ஸ்பர்க்.

கான்கிளேவுக்குப் பூட்டுப் போட்ட திருத்தந்தை முன்னின்று அரியணையில் ஏற்றிய அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்தான், 630 ஆண்டு கழித்து அந்தப் பூட்டிய அறைக்குள் தாள் அனுப்பிய ஃபிரான்ஸ் யோசஃப். இதற்கிடையில் திருத்தந்தை கையால் பேரரசர் முடி சூட்டிக்கொள்வது 1530இல் ஐந்தாம் சார்லஸோடு நின்றுபோனது. 1804இல் நெப்போலியன் ஏழாம் பயஸை பாரிஸுக்கு வரவழைத்து, அவர் பார்த்திருக்கத் தன் கையாலேயே முடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். 1806இல் புனித ரோமப் பேரரசு என்ற அந்தப் பழைய பேரரசே கலைந்தது. ஆனாலும் ஆஸ்திரியா, பிரான்ஸ், ஸ்பெயின் என்ற மூன்று கத்தோலிக்க அரசுகள், பிடிக்காத ஒருவரை ஒதுக்கும் உரிமை மட்டும் தங்களுக்கு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தன. திருச்சபை அதைச் சட்டமாக ஒருநாளும் ஏற்கவில்லை, சகித்துக்கொண்டது.

1903க்குத் திரும்புவோம். பூசினா படித்து முடித்ததும் ரம்போல்லா எழுந்தார். திருச்சபையின் சுதந்திரத்தின் மேல் விழுந்த அடி இது என்று கண்டித்தார். தன்னைப் பொறுத்தவரை இதைவிட மரியாதையான ஒன்று நடந்திருக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். ஆகஸ்ட் 4 அன்று வெனிஸ் நகரத்து சார்த்தோ 50 வாக்குகளோடு தேர்வானார். முதல் சுற்றில் அவருக்குக் கிடைத்தவை ஐந்து. திரும்பிப் போக ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் ரோமுக்கு வந்தார் என்பார்கள். நம் ஊர்ப் பங்குகளில் பத்தாம் பத்திநாதர் என்ற பெயரில் இருக்கிறாரே பத்தாம் பயஸ், அவர்தான்.

பேரரசரின் தாளால் பலன் அடைந்தவர் அவர். 1904 ஜனவரி 20 அன்று அந்த உரிமையை ஒழித்ததும் அவரே. இனி எந்த அரசரின் மறுப்பையாவது கான்கிளேவுக்குள் கொண்டுவரும் கர்தினாலுக்குச் சபைவிலக்கு.

அடுத்த கான்கிளேவ் 1914இல், முதல் உலகப் போர் தொடங்கிய ஒரு மாதத்தில். ரம்போல்லா முந்தைய டிசம்பரில் இறந்திருந்தார். செப்டம்பர் 3 அன்று தேர்வான தெல்லா கியேசா, ரம்போல்லாவிடம் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். வியன்னாவில் ஃபிரான்ஸ் யோசஃப் இன்னும் உயிரோடுதான் இருந்தார், வயது 84. இந்த முறை அவரிடமிருந்து தாள் எதுவும் வரவில்லை.

வணக்கம்.