ரேஷன்ல கடலை எண்ணெய் வேணும்: இதய தினக் கூட்டத்துல நான் பேசினது

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற பேரூராட்சி தலைவர் அம்மா அவர்களே, ஓபி முடிச்ச கையோட சாப்பிடாம கூட வந்திருக்கிற அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஐயா அவர்களே, வருஷா வருஷம் செப்டம்பர் 29க்கு இந்த மண்டபத்த வாடகை வாங்காம குடுக்கற வணிகர் சங்க பொருளாளர் அண்ணன் அவர்களே, எனக்கு ஏழாங்கிளாஸ்ல கணக்கு சொல்லிக்குடுத்த, முன் வரிசையில உக்காந்திருக்கிற எங்க ஹெட்மாஸ்டர் ஐயா அவர்களே, தாய்மார்களே!

இதயத்துக்கு நல்ல சாப்பாடுன்னா எண்ணெய், உப்பு, காய்கறி, இந்த மூணையும் பேசணும்னு வந்திருக்கேன். எங்க ஆயா ஒண்ணு சொல்லும், வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு. வாணியன்னா செக்காட்டி எண்ணெய் எடுக்கறவர்.

எங்க பெரியப்பா மல்லாட்ட, அதான் நிலக்கடல, போடற விவசாயி, திண்டிவனத்துல கண்டுபிடிச்ச டிஎம்வி 7 ரகம்தான் போடுவாரு, ஆனா வெளஞ்சத மூட்ட மூட்டயா மார்க்கெட் கமிட்டியில வித்துட்டு வீட்டுக்கு ரேஷன் பாமாயில் வாங்கிட்டுப் போவாரு. ஒருநாள் களத்துலயே நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கறாரு, என்னம்மா சாப்பிடுவாருன்னு. பெரியம்மா சத்தியமே பண்ணுது, "எண்ணெய்ய கண்ணுலயே காட்றதில்ல சார், ஒரு லிட்டர் பாக்கெட் மாசம் பூரா வரும்." சரின்னுட்டாங்க. மூணாம் நாளு டீக்கடைக்காரரு பாக்க வந்தாரு, கையில பேப்பர் பொட்டலம், "அண்ணன் மூணு நாளா வரலியே, அவருக்குன்னு ரெண்டு பஜ்ஜி மூணு மசால்வட தெனமும் எடுத்து வெச்சிட்டு பாத்துட்டிருந்தேன்"னு. பெரியம்மா திரும்பி பெரியப்பாவ பாத்த பார்வை இருக்கே! டாக்டர் பொட்டலத்த வாங்கிப் பாத்தாரு, பேப்பரே கருப்பு. "எப்ப மாத்துவீங்க?" "மாத்தறதா? கொறைய கொறைய மேல ஊத்திக்குவோம் சார்." அப்பதான் சொன்னாரு, திரும்பத் திரும்ப காயற எண்ணெய் கெட்டுப்போவுது, அந்த கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்த தாண்டுனா தூக்கிக் கொட்டணும்னு சட்டமே இருக்குன்னு. அடைச்ச ரத்தக்குழாய்க்கு ஸ்டென்ட் வெச்சு வந்தாரு, ஒரு ஏக்கர் மல்லாட்ட காசு பூரா போச்சு. வாணியனுக்குக் குடுக்க வேண்டியத வைத்தியனுக்குக் குடுத்தாச்சு.

நமக்கு ஒருநாளைக்கு சுமார் 27 கிராம் எண்ணெய் போதும்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. ஹெட்மாஸ்டர் ஐயா கணக்குப்படி பாத்தா ஒரு ஆளுக்கு மாசம் ஒரு லிட்டர் கூட வேணாம். அந்தக் கொஞ்சத்த நல்லதா குடுக்கக் கூடாதா? ரேஷன்ல 25 ரூபாய்க்கு குடுக்கறது பாமாயில், அதுல நூத்துக்கு 40க்கு மேல நிறைகொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரால ஏத்தறதே அதுதான். கடலெண்ணெய்ல அதுல பாதி கூட இல்ல. பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவுலேந்து கப்பல்ல வருது, நம்ம மல்லாட்ட வெல கெடைக்காம கமிட்டி வாசல்ல காயுது. நான் ஏழெட்டு கிராம சபையில இதக் கேட்டிருக்கேன், இன்னமும் கேப்பேன். வாணியனுக்குக் குடுன்னா அந்த வாணியன் நம்ம ஊர்ல இருக்கணுமா இல்லியா?

உப்பு ஒருநாளைக்கு 5 கிராமுக்குள்ள வெச்சுக்கங்க, ஊறுகா, அப்பளம் ரெண்டுலயும் அது ஒளிஞ்சிருக்கு.

மணி ஆயிடுச்சுன்னு சீட்டு வந்திடுச்சு, காய்கறிய டாக்டர் ஐயா பேசுவாரு. "ரேஷன்ல கடலெண்ணெய் குடு"ன்னு கலெக்டருக்கு மனு எழுதி வாசல்ல டேபிள் மேல வெச்சிருக்கேன், மொதல் கையெழுத்து தலைவர் அம்மா போடறேன்னு சொல்லியிருக்காங்க, கார்டு நம்பர் எழுத மறந்துடாதீங்க, பேனா ரெண்டு இருக்கு.