பராமரிக்கும் கையே! பினாங்குப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், விசிறி சுழன்றும் வேர்த்துக் கொட்டும் இந்த மண்டபத்தில் எங்களைச் சகித்துக்கொண்டிருக்கும் பினாங்கு மக்களுக்கும் வணக்கம். 'தோற்றத்தை உயர்த்துவது கொடுக்கும் விலையா, பராமரிக்கும் கையா?' என்பது தலைப்பு. நான் கையின் பக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் இரண்டு விஷயம் சொன்னார். தரம் வேண்டுமென்றால் காசை அவிழ்த்துத்தான் ஆகவேண்டும், 'நானே இந்தக் கோட்டுக்கு 900 மலேசிய வெள்ளி கொடுத்தேன்' என்று சொல்லி மேடையில் ஒரு சுற்று சுற்றியும் காட்டினார். அந்தச் சுற்று எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது, ஐயா. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அடுத்ததாக, 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது ஏழைக்குச் சொன்ன ஆறுதல், கந்தையைக் கசக்கினால் இன்னும்தான் கிழியும்' என்றார். கைதட்டல் பறந்தது. நானும் தட்டினேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அண்ணே, அதைப் பினாங்கு மண்ணில் நின்று சொல்லியிருக்கக் கூடாது. இந்த ஊரில் டோபி காட் என்று ஓர் இடம் இருக்கிறது. ஆற்றோரம் நம் சனங்கள் துணி வெளுத்த துறை. என் தாத்தா அங்கே வெளுத்தவர். துரைமாரின் சட்டை லண்டனில் தைத்ததாகவே இருக்கட்டும், மறுநாள் காலை அது பளிச்சென்று கிளப்புக்குப் போனதென்றால் அது தாத்தாவின் கைவேலை. வெள்ளைத் துணி பழசானால் மஞ்சள் தட்டும். கடைசி அலசலில் சொட்டு நீலம் விட்டால் அந்த மஞ்சள் கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு சொட்டு கூடினால் துரை ஆகாயத்தை உடுத்திக்கொண்டு போகவேண்டியதுதான்! வேட்டியைக் கல்லில் அடிக்கிற அதே கை, பட்டைத் தொட்டால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற கையாகிவிடும். பழமொழியும் 'கசக்கு' என்றுதானே சொல்கிறது, 'அடி' என்றா சொல்கிறது? இன்றைக்கும் மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும் காசு போட்டுத் துவைக்கிற கடையை 'டோபி' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பேர் எந்தத் துணிக்கடையாலும் வந்ததில்லை.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். நம் ஊர்ப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். காலையில் குளித்து, பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதற்குள் இரண்டாவது குளியல் முடிந்திருக்கும். அதற்கு 300 வெள்ளி சென்ட் வாங்குகிறார்கள். வேலையிடத்து லிஃப்டில் ஒரு தம்பி ஏறினால், சென்ட் முதலில் இறங்கும், அதற்குப் பின்னால் வேறொன்று மெதுவாக இறங்கும். வேர்வைக்கு வாடையே கிடையாது, ஐயா. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. சென்ட் பாக்டீரியாவோடு சமாதானம் பேசிக்கொண்டு பக்கத்தில் உட்காரும், அவ்வளவுதான். அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. நாற்றத்தைக் குறைக்கும் டியோடரன்ட் வேறு, வேர்வையைக் குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேறு. பின்னதை இரவில், உலர்ந்த தோலில் போட வேண்டும். காலையில் வேர்த்துக்கொண்டே தேய்த்தால் அது பாதி சட்டைக்குத்தான் போகும். அதிலுள்ள அலுமினியம் வேர்வையோடு சேர்ந்துதான் வெள்ளைச் சட்டை அக்குளில் அந்த மஞ்சள் கறை. அதன்மேல் குளோரின் பிளீச்சை ஊற்றுகிறார்கள், கறை இன்னும் பழுப்பாகிறது. தாத்தா இருந்திருந்தால் அழுதிருப்பார். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்துப் பாருங்கள். வினிகர் என்ன விலை என்று எதிரணி எனக்குச் சொல்லட்டும்.

எதிரணித் தங்கை, கடைத்தெருவில் 2,000 வெள்ளிக்குக் காஞ்சிபுரம் எடுத்த கதையைச் சொன்னாள். சேலை அழகுதான், கண் பட்டுவிடும். ஆனால் அவளே வாய் தவறி இன்னொன்றும் சொன்னாள், கவனித்தீர்களா? 'பிளாஸ்டிக் கவரோடு அப்படியே பூச்சி உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்றாள். ஐயோ தங்கச்சி! அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியது. வேர்வையும் சென்டும் பூச்சி உருண்டையும் பட்டால் கறுத்துப்போகும். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் புழுங்கும். கட்டிக் களைந்ததும் நிழலில் ஆறவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடி, இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே ஜரிகை ஒடியும். என் அம்மாவின் கூறைப்புடவைக்கு என்னைவிட வயது அதிகம். என்னைவிடப் பொலிவும் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அவர் எந்த அணி என்றே தெரியவில்லை.

பூ வைப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரத் தலையைப் பின்னி மல்லிகைச் சரம் சொருகினால், மதியத்துக்குள் மல்லிகை தோற்று ஈர வாடை ஜெயிக்கும்.

ஆண்கள் சிரிக்க வேண்டாம், உங்களிடம்தான் வருகிறேன். அலமாரியைத் திறந்தால் தோல் சப்பாத்தில், அதாவது ஷூவில், வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்! இந்த ஈரக்காற்றில் 50 வெள்ளிச் சப்பாத்துக்கும் 500 வெள்ளிச் சப்பாத்துக்கும் அது ஒரே மாதிரிதான் பூக்கும். ஒருநாள் போட்டதை மறுநாள் போடாதீர்கள். உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக் காற்றாட வையுங்கள். முகம் மழிப்பவர்கள் குளித்த பிறகு, முடி வளரும் திசையிலேயே கத்தியை இழுங்கள். நம்மவர்களின் சுருள் முடியை எதிர்த்து இழுத்தால் அது தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டி கட்டியாக நிற்கும். வியாழக்கிழமை பாத்தேக் என்ற மெழுகுச் சாயச் சட்டை போடும் அரசாங்க ஊழியர்களே, அதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் அடுத்த வியாழனுக்குள் கிளிப் பச்சை வெளிறிப்போய்விடும்.

நடுவர் ஐயா, நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு வாங்கிய ஒட்டுச் செருப்பை எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது. நாள் முழுக்க நிற்கிறவர்கள் செருப்பில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அந்த ஒரு புள்ளியை எதிரணிக்கே கொடுத்துவிடலாம். ஆனால் சட்டை? தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அங்கே உட்காராத சட்டை எந்தக் கடையில் வாங்கினாலும் இரவல் சட்டைதான். 40 வெள்ளிச் சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்து வாங்கினால், உள்ளே இருக்கும் லேபிளை யார் கேட்கப்போகிறார்கள்?

மணி அடித்துவிட்டது, ஐயா. ஒரே நிமிடம், அந்தக் கோட்டு விஷயம் பாக்கி இருக்கிறது. புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவு, கடையில் தொங்கும்போது விரிந்துவிடக் கூடாது என்று பெருக்கல் குறி போல நூல் போட்டுத் தைத்திருப்பார்கள். வாங்கியதும் அதை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். அண்ணன் சுற்றிக் காட்டியபோது சபையே பார்த்தது. அண்ணே, திரும்பிப் பார்க்க வேண்டாம், தெரியாது. என் கைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் இருக்கிறது, இறங்கியதும் இப்படி வாருங்கள்.

நன்றி, வணக்கம்.