"ஏதோ ஒரு ஸ்டீராய்டு ஊசி"

வணக்கம் நேயர்களே. மூட்டுவலிக்கு ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்னிடம் வந்தால், "என்ன மருந்து போட்டாங்க?" என்று கேட்பேன். "ஏதோ ஸ்டீராய்டு டாக்டர்" என்பார்கள். அந்த 'ஏதோ'தான் எனக்குக் கவலை.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஸ்டீராய்டு மருந்துகள் அதன் உறவினர்கள். 1948இல் முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் குழுவினர் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. தொடர்ந்து போட்டபோது முகம் உப்புவது போன்ற தொல்லைகளும் வந்தன. அதை ஏனோ அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். அவசரத்துக்கு ரத்தக்குழாயிலேயே போடலாம். குறைமாதப் பிரசவம் வரும்போலிருந்தால் தாய்க்கு இதைப் போடுவதுண்டு. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். டிரையாம்சினலோன் அப்படியல்ல. பால்போல வெளுத்திருக்கும், நுண்துகள்கள் மிதக்கும். மூட்டுக்குள் தங்கி வாரக்கணக்கில் வேலை செய்வதற்கான மருந்து அது. ரத்தக்குழாயில் போடவே கூடாது. முதுகெலும்பருகே போடும்போது துகள்கள் தமனிக்குள் போய்விட்டால் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ ரத்தம் தடைப்பட்டு, அபூர்வமாகப் பக்கவாதமோ கால் செயலிழப்போ வரலாம்.

இன்னொன்று: கடுமையான ஒவ்வாமையில் மூச்சுத் திணறினால் முதல் மருந்து அட்ரினலின்தான். ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்காகும்.

மூட்டில் போட்ட ஊசி மூட்டோடு நிற்காது. சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் சர்க்கரை எகிறும், வீட்டிலேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் வலி கூடுவது சகஜம். மூட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குள் மருந்து போனால் நாண் அறுந்துபோகலாம். ஒரே மூட்டுக்குப் பொதுவாக மூன்று மாத இடைவெளி விடுவோம்.

ஆனால் முழங்காலுக்கு ஒரு மருத்துவர், தோளுக்கு இன்னொருவர், அரிப்புக்கு வேறொருவர் என்று போட்டுக்கொண்டால் கணக்கு யார் கையில் இருக்கிறது? உடம்பு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் இருக்கும். நாளடைவில் அட்ரினல் தானாகச் சுரக்காமல் சோம்பிவிடும். மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது முதலில் அந்தச் சீட்டைத்தான் கேட்பேன். அந்த மூட்டில் ஊசி போட்டு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் தேதியைத் தள்ளிவைப்பேன்.