பலாப்பழத்துக்கு 1,450 ரூபாய்: ஏலத்தில் நான் செய்த காரியம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சத்தம் சரியாகக் கேட்கிறதா? மைக்கை இன்றைக்குச் சேலையில் குத்தவில்லை, மேசையில் வைத்திருக்கிறேன். கையெல்லாம் தேங்காய் எண்ணெய். ஏன் என்று கேமராவைக் கீழே இறக்கிக் காட்டுகிறேன், இருங்கள். இதோ. பார்த்தீர்களா? 11 கிலோ 400 கிராம். பழைய பேப்பர் கடை அண்ணாச்சியின் தராசில் எடை போட்டது. அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

போன வீடியோவில் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? வேதாகமத்தை ஆறாவது தடவையாக முடித்துவிட்டேன் என்று சிவப்பு நோட்டைத் தூக்கிக் காட்டினேன். 1,189 அதிகாரத்துக்கும் டிக் போட்டதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். காய்ச்சலில்கூட ஒரு நாள் விடவில்லை என்று மார்தட்டினேன். 22 நிமிஷ வீடியோ அது. நீங்களும் பாவம், நல்ல மனசோடு வாழ்த்தினீர்கள். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐயரும் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஐயரம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பலாப்பழத்துக்காக நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

எங்கள் சபையில் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். சேவல், வாழைத்தார், கருப்பட்டி, முருங்கைக்காய்க் கட்டு, ஒரு சின்னப் பையன் கொண்டுவந்த ஒற்றை முட்டை, எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம். அந்தப் பணம் இந்த வருஷம் ஆலயக் கூரைக்கு. அந்த ஒற்றை முட்டை 300 ரூபாய்க்குப் போனது. அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது, காணிக்கைதானே. எனக்கு இந்த ஏலம் ரொம்பப் பிடிக்கும். அசனம், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து, அதைவிடப் பிடிக்கும். அசனத்தில் இந்த வருஷம் கத்தரிக்காய் பச்சடியில் உப்பு இல்லை, அதை விடுங்கள்.

பலாப்பழம் வந்தது. 100 ரூபாயில் ஆரம்பித்தார்கள். நான் 150 என்றேன். பின்னாலிருந்து 200 என்று ஒரு குரல். திரும்பிப் பார்க்காமலே தெரியும். டீச்சர்.

எந்த டீச்சர் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். பாடகர் குழுவுக்கு எல்லாரும் மாம்பழ மஞ்சள் சேலை என்று முடிவு செய்த பிறகு, தனியாளாக நின்று அதைச் சாம்பல் நிறமாக மாற்றினார்களே, அந்த டீச்சர்தான். அதைப் பற்றி நான் போட்ட வீடியோவைப் பிறகு எடுத்துவிட்டேன். எடுக்கச் சொன்னது என் வீட்டுக்காரர். அப்போது எனக்கு அவர்மேலும் கோபம்.

சரி, ஏலம். 300, 350, 500. மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். 700க்கு வந்ததும் டீச்சர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஏ பிள்ளை, விட்டுரு. வீட்ல இருக்கது ரெண்டு பேரு, உனக்கு எதுக்கு இத்தாம்பெரிய பழம்?” என்றார்கள். அவ்வளவுதான். காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் ஒரேயடியாக “ஆயிரம்” என்றேன். அவர்கள் 1,200. நான் 1,450. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பழம் எனக்கு.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். பழம் கைக்கு வந்ததும் நான் திரும்பி டீச்சரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அதுதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அந்தச் சிரிப்பை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை, ஆனால் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. எங்கள் தெருவில் வண்டிக்காரர் பலாப்பழம் கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார். 11.4 கிலோவுக்கு 342 ரூபாய். நான் கொடுத்தது 1,450. மிச்சம் 1,108. இந்த 1,108 ரூபாயைக் கர்த்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ரசீதிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் கொடுத்தது கர்த்தருக்கா? டீச்சர் தோற்க வேண்டும் என்று கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அந்தப் பழத்தை மடியில் வைத்திருந்தேன், முள் குத்திக்கொண்டே வந்தது.

அய்யோ, முக்கியமானதைச் சொல்லவே இல்லை. அந்தப் பழம் டீச்சர் வீட்டு மரத்துப் பழம். காலையில் அவர்கள்தான் தம்பியைத் தூக்கச் சொல்லி ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். தான் படைத்ததைத் தானே ஏலத்தில் எடுப்பது எங்கள் சபையில் சகஜம், மற்றவர்கள் மரியாதைக்கு விட்டுக்கொடுப்பார்கள். அதனால்தான் 500க்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது முன்னாலேயே தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். 150 சொல்லும்போதே தெரியும்.

இதில் இன்னொன்று. பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளியில் கலாத்தியர் 5:22, 23ஐ எனக்கு மனப்பாடம் செய்துவைத்ததே இந்த டீச்சர்தான். “ஆவியின் கனியோ, அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம்.” ஒன்பதையும் மூச்சு விடாமல் சொன்னால் ஒரு ஆரஞ்சு மிட்டாய். நான் நிறைய மிட்டாய் வாங்கியிருக்கிறேன்.

அந்த ஓய்வுநாள் பள்ளி அட்டை எனக்கு இப்போதும் பிடிக்காது. ஆப்பிளில் அன்பு, திராட்சையில் சந்தோஷம், வாழைப்பழத்தில் சாந்தம் என்று ஒன்பது பழம் வரைந்திருப்பார்கள். காலண்டரிலும் அதே படம், “ஆவியின் கனிகள்” என்று கொட்டை எழுத்தில். கனிகள் இல்லை ஐயா, கனி! அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, அப்போஸ்தலர் பவுல் எழுதின கிரேக்கத்திலும் ஒருமை, நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் ஒருமை. ரெண்டு எழுத்து வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள். ஒன்பது தனித்தனிப் பழம் என்றால், அன்பு எனக்கு வந்துவிட்டது, நீடியபொறுமை பாதி வந்திருக்கிறது, சாந்தம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடையில் பொறுக்கலாம். நான் பல வருஷமாக அப்படித்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இச்சையடக்கம் நன்றாக வரும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச காலம் நாற்பது நாளும் காப்பி தொடமாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த நாற்பது நாளும் வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுவேன். அதை நான் வீடியோவில் சொன்னதில்லை.

ஓவியர்கள் படம் போட்டுத்தான் தீர வேண்டும் என்றால் இதைப் போடட்டும். இதோ, பிளந்து வைத்திருக்கிறேன். வெளியே ஒரே பழம். உள்ளே ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு பூவிலிருந்து வந்தது, எல்லாம் ஒரே தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் பிளக்க எனக்கு முக்கால் மணி நேரம். அரிவாள்மணை பாதியில் மாட்டிக்கொண்டது. கடைசியில் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்து... அதை ஷார்ட்ஸாகப் போடுகிறேன். சண்டை போடாமல் இழுத்தோம், அது ஒரு சாதனை.

ராத்திரி தூக்கம் வராமல் 1 கொரிந்தியர் 13ஐ எடுத்தேன். ஆறு தடவை டிக் போட்ட அதிகாரம். ஐந்தாம் வசனத்தில் “சினமடையாது, தீங்கு நினையாது” என்று இருக்கிறது. “தீங்கு நினையாது” என்பதற்குக் கிரேக்கத்தில் இருப்பது கணக்கு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் சொல். யார் எனக்கு என்ன செய்தார் என்று பேரேட்டில் பற்று எழுதி வைக்காதது அன்பு. நான் டீச்சர் பேரில் எழுதி வைத்திருக்கும் பற்று சாம்பல் சேலையில் தொடங்குவதில்லை, அது எட்டாம் வகுப்புக் கிறிஸ்மஸ் நாடகம் வரைக்கும் போகிறது. மரியாள் வேஷம் எனக்குத் தராமல் ஆட்டு மேய்ப்பன் வேஷம் கொடுத்தார்கள். தாடியோடு.

“சினமடையாது” என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அப்போஸ்தலர் 15இல், ஊழியப் பயணத்தில் மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று பவுலுக்கும் உடன் ஊழியரான பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தே போகிறார்கள். அங்கே வரும் “கடுங்கோபம்”, இங்கே வரும் “சினமடையாது”, கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வேர். அந்தச் சண்டை முந்தினது, பவுல் கொரிந்தியருக்கு எழுதின இந்த நிருபம் பிந்தினது. அப்படியென்றால் அன்பு சினமடையாது என்று எழுதும்போது, தான் சினமடைந்த நாள் அவருக்கு ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? கடைசியில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இடையில் எத்தனை வருஷம்! நான் மூன்று நாளில் சரியாகிவிட வேண்டும் என்று புரண்டுகொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் வாசித்தேன், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்கள் 1739இல் ஒரு கூடம் கட்டினார்கள். அதற்குக் கடன். 1742இல் அதை அடைக்க ஒரு வழி பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும். போனவர்கள் பென்னியோடு சேதியும் கொண்டுவந்தார்கள். ஒருவர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாரும் பரிசுத்தவான்கள்தானே! வெஸ்லி அந்த வசூலையே ஆத்தும விசாரிப்பாக மாற்றிவிட்டார். வாரா வாரம் கூடி, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள், ஆக அது நமக்கும் சொந்தக் கதைதான். என் சிவப்பு நோட்டு என்னிடம் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருக்கிறதா? டிக் மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். நோட்டை விடமாட்டேன், ஏழாவது தடவை ஆதியாகமம் 9 வரை வந்துவிட்டேன். ஆனால் அதைக் காட்டி இனி 22 நிமிஷம் பேசமாட்டேன்.

அப்புறம் நேற்றுச் சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சுளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. “ஏலத்தில் நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று நிதானமாக, தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும் என்று. கதவைத் திறந்ததும் டீச்சர் மூடியைத் தூக்கிப் பார்த்து, “இப்படியா நாரோட எடுப்பா? நீ ஓய்வுநாள் பள்ளியிலயே அவசரக்காரிதான்” என்றார்கள். எனக்கு மறுபடியும் காது சூடு. மன்னிப்பைக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்லக் கூடாது, தூக்கிப் போட்டேன். “மன்னிச்சிருங்க டீச்சர்!” என்று சண்டைக்குப் போகிற குரலில் வந்தது.

டீச்சர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். “சரி, உள்ள வா” என்றார்கள். காப்பி போட்டார்கள், சர்க்கரை கூடுதல். சேலை பற்றி இருவரும் பேசவில்லை. தூக்குச்சட்டியைக் காலியாகக் கொடுக்கக் கூடாது என்று ரெண்டு கருப்பட்டி போட்டுக் கொடுத்தார்கள். வாசல் வரை வந்துவிட்டு, “அந்தப் பழத்துக் கொட்டையைப் பத்திரமா வை. அது எங்க வீட்டு சார் கையால நட்ட மரம், இப்ப அடியில செல்லரிச்சிருக்கு. புதுசா நடணும்” என்றார்கள். எத்தனை கொட்டை இருக்கும் என்று கேட்டார்கள். எண்ணிச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், நேற்று மத்தியானமே முக்கால்வாசிக் கொட்டையை முருங்கைக்காயோடு குழம்பு வைத்துச் சாப்பிட்டாயிற்று. இதோ, மிச்சம் இருப்பது இந்தக் கிண்ணத்தில். ஒன்பது, பத்து... பதினான்கு. நல்லதாகப் பன்னிரண்டு தேறும். சாயங்காலம் போக வேண்டும். குழம்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, பன்னிரண்டுதான் இருந்தது என்று கொடுத்தால் போதுமா? சொல்லத்தான் வேண்டும், தெரிகிறது. கை கழுவிவிட்டு வருகிறேன், இந்தப் பிசின் போகவே மாட்டேன் என்கிறது.